அரண்மனைக்காரத் தெரு



சென்னை மாநகரில், உயர்நீதிமன்றத்துக்கு அண்மையில், ஜார்ஜ் டவுன் பகுதியில் ‘அரண்மனைக்காரத் தெரு’ என்று ஒரு தெரு உண்டு. கடைகளும் அலுவலகங்களும் கைவண்டிகளும் நெருங்கிக் கிடக்கும் தெரு அது. அங்கே அரண்மனை ஒன்றும் இல்லை. அரசர் எவரும் அங்கு வீற்றிருந்ததாகச் செய்தியும் இல்லை. பின் எவ்வாறு இப்பெயர் வந்தது? ஆங்கிலத்தில் அத்தெருவின் பெயர் ஆர்மீனியன் தெரு என்பது. ஆர்மீனியர் என்ற சொல்லைக் கேட்டறியாத நம் மக்கள், தம் காதுக்குப் பழகிய சொல்லாக அதனை மாற்றி, ‘அரண்மனைக்காரர்’ என்று ஆக்கிக்கொண்டனர். வந்தவரை வாய்நிறைய அழைப்பது நம்மவர் இயல்பு. எனவே வணிகராக வந்தவர்க்கு அரண்மனையே கிடைத்துவிட்டது.

அந்த அரண்மனைக்காரர்களைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகிறேன். ஆனால் ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்த பாடம், அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது. ஆதலின் என் ஊரிலிருந்து தொடங்குகிறேன்.

என் ஊர் மண்ணூர். இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் உள்ள சிற்றூர். நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஏரியும் நெல்வயலும் கரும்புமாக இருந்த நிலப்பரப்பு அது. இன்று இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரையில் கார்த் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் ஆலைகளும் நிறைந்துவிட்டன. இரவு இரண்டாம் ஷிப்டு முடிந்து பேருந்துகள் வந்து நிற்கும் வேளையில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் சென்று நின்றால், ஒடியாவும் இந்தியும் வங்காளமும் அசாமியமும் காதில் விழும். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையிலோ கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கிய உணவு விடுதிகள் உள்ளன. 1998ஆம் ஆண்டில் கொரியக் கம்பெனியின் கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கியது முதல் கொரியக் குடும்பங்கள் சென்னையிலும் இப்பகுதியிலும் வந்து தங்கி வாழ்கின்றன.

நான் தலைமையாசிரியனாக இருந்த கடைசிச் சில ஆண்டுகளில், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். சிறுமிக்குத் தமிழ் சிறிதே தெரியும். நான் அவரிடம், “வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள், ஓராண்டில் தேறிவிடுவாள்” என்றேன். அவர், “சரி சார்” என்று தலையசைத்துச் சென்றார். நான் சொன்னபடியே செய்தார். சிறுமி தேறினாள், எட்டாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் பரிசும் பெற்றாள். நான் பெருமை கொண்டேன். பரிசளிப்பு விழாவன்று அவர் என்னிடம் வந்து, நன்றி சொல்லிவிட்டு, மெல்லிய குரலில் மற்றொன்றும் சொன்னார்: “ஊரிலிருந்து அவள் பாட்டி போன் செய்தால், பதில் பேச வரவில்லை சார். போனை என் கையில் கொடுத்துவிடுகிறாள்.”

அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், கனடா நாட்டில் வாழும் என் மகளின் பிள்ளையும் அவ்வாறே செய்கிறான். நான் பேசுவது அவனுக்குப் புரிகிறது. இரண்டொரு சொல் பேசவும் செய்கிறான். ஆனால் நான் எழுதும் கடிதத்தை அவன் தாய் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. அங்கே எவரோ ஓர் ஆசிரியர், நான் இங்கே சொன்ன அறிவுரையையே நல்லெண்ணத்துடன் சொல்லியிருக்கக் கூடும்.

பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்து, அயலார் நடுவே சிறு தொகையினராய் வாழும் மக்கள், தம் மொழியையும் சமயத்தையும் எங்ஙனம் காத்துக்கொள்கின்றனர்? எவ்வளவு காலம் காக்க முடியும்? இவ்வினா என்னைப் பற்றிக்கொண்ட பின்னரே, இளமையில் கண்ட ஒரு கல்வெட்டு என் நினைவுக்கு வந்தது.

நாற்பதாண்டுகட்கு முன் நான் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயின்றேன். மாலை வேளையில் அடையாற்றுப் பாலத்தின் பக்கம் உலாவச் செல்வது வழக்கம். பாலத்துக்கு மறைமலையடிகள் பாலம் என்று பெயர். அவ்விடத்தில் முன்பிருந்த பழைய பாலத்தை மார்மலாங் பாலம் என்பர். மாம்பலம் என்ற பெயரே ஆங்கிலேயர் வாயில் அவ்வாறு சிதைந்தது. (நாம் அவர்கள் பெயரை மாற்றினோம், அவர்கள் நம் பெயரை மாற்றினர். கணக்கு நேராயிற்று.) அப்பழைய பாலத்தின் நினைவுக் கல்லில் மூன்று மொழிகளில் எழுத்துகள் பொறித்திருந்தன. ஒன்று இலத்தீன், ஒன்று பாரசீகம், மூன்றாவது எதுவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கொக்கி கொக்கியாய் வளைந்த எழுத்துகள். எங்கள் வரலாற்று விரிவுரையாளர்தாம், அது ஆர்மீனியம் என்றும், 1726ஆம் ஆண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பணத்தில் அப்பாலத்தைக் கட்டுவித்தார் என்றும் கூறினார்.

ஆர்மீனியா என்பது கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே காக்கேசிய மலைப்பகுதியில் அமைந்த சிறு நாடு. அந்நாட்டார் கி.பி. 301ஆம் ஆண்டிலேயே கிறித்தவத்தைத் தம் அரச சமயமாக ஏற்றனர் என்பது அவர்தம் மரபு. உலகில் முதன்முதலாக அவ்வாறு ஏற்ற நாடு தங்கள் நாடே என்பதில் அவர்களுக்குப் பெரும் பெருமிதம் உண்டு. உரோமாபுரித் திருச்சபையையோ கிரேக்கத் திருச்சபையையோ சாராமல் தனித்த திருச்சபையாக அது நிலைபெற்றது. கிறிஸ்து பிறந்த நாளை இன்றும் அவர்கள் சனவரி 6ஆம் நாளில் கொண்டாடுகின்றனர்.

அச்சமயம் வேரூன்றியதற்குக் காரணம் எழுத்து. கி.பி. 405ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி, தம் மொழியின் ஒலிகளுக்கு ஏற்ப முப்பத்தாறு எழுத்துகளை வகுத்தார். அதுவரையில் திருமறை கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் ஓதப்பட்டு வந்தது. மக்களுக்குப் பொருள் விளங்கவில்லை. எழுத்து வந்தவுடன் அவரும் அவர்தம் மாணாக்கரும் திருமறையை ஆர்மீனியத்தில் பெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பாளர்களை அத்திருச்சபை புனிதராகப் போற்றி, ஆண்டுதோறும் திருநாள் எடுக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்குத் திருவிழா எடுக்கும் மக்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நம் நாட்டில் மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் அச்சிட்டாலே பெரிது.

அரசியலில் அவர்கட்கு நற்பேறு வாய்க்கவில்லை. பெரும் பேரரசுகள் இரண்டின் நடுவே சிக்கிய நாடு அது. 1604, 1605ஆம் ஆண்டுகளில் துருக்கியரோடு போரிட்ட பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜூல்ஃபா என்ற வணிக நகரத்தின் மக்களைப் பெயர்த்தெடுத்துத் தம் தலைநகராகிய இஸ்பகானுக்கு அருகே குடியேற்றினார். அக்குடியிருப்பைப் புதிய ஜூல்ஃபா என்றனர். அங்கிருந்தே ஆர்மீனிய வணிகர் நாற்றிசையும் சென்றனர்; வெனிஸ் நகரிலும் ஆம்ஸ்டர்டாமிலும், சூரத்திலும் வங்கத்திலும் சென்னையிலும், கீழ்க்கடல் கடந்து மணிலாவிலும் அவர்தம் பண்டசாலைகள் எழுந்தன. ஸ்பானியர் ஆண்ட மணிலாத் துறையில் ஆங்கிலேயர் நேராக வாணிகம் செய்ய இயலாத காலத்தில், சோழமண்டலக் கரையின் துணிகள் ஆர்மீனியர் பெயரால் அங்குச் சென்று இறங்கின.

1688ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆர்மீனியரோடு ஓர் உடன்படிக்கை செய்தனர். வாணிகச் சலுகைகளோடு, மாணவர்களே, அதில் ஒரு விதி உண்டு. கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட ஊரில் நாற்பது ஆர்மீனியரோ அதற்கு மேற்பட்டோரோ குடியேறினால், அவர்கள் வழிபடுவதற்கு நிலம் தந்து, மரத்தால் ஒரு கோயிலும் கட்டித் தந்து, அவர்தம் குருவுக்கு ஏழாண்டுக் காலம் ஆண்டுக்கு 50 பவுன் ஊதியமும் தருவதாகக் கம்பெனியார் ஒப்பினர். மிளகுக்கும் துணிக்கும் விலை பேசும் மேசையில், தம் குருவின் ஊதியத்தையும் சேர்த்துப் பேசிய வணிகர் அவர்கள்.

சென்னையில் 1712ஆம் ஆண்டில் அவர்கட்கு ஒரு கோயில் எழுந்தது. இன்று அரண்மனைக்காரத் தெருவில் நாம் காணும் கன்னி மரியாள் கோயில் 1772ஆம் ஆண்டினது. தெருவின் இரைச்சலைத் தாண்டி உயர்ந்த வாயிலுள் நுழைந்தால், அமைதியான முற்றமும் தனியே நிற்கும் மணிக்கூண்டும் கண்ணிற்படும். கூண்டில் பெரிய மணிகள் ஆறு உள்ளன. முற்றத்தில் கல்லறைகள் பரந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 350 பேர் அங்கு அடக்கமாயினர் என்பர். தரையில் பதித்த கற்களில் எங்கு நோக்கினும் மாஷ்டோட்ஸ் வகுத்த எழுத்துகள்.

இனி உஸ்கானிடம் வருவோம். அவர் புதிய ஜூல்ஃபாவில் தோன்றியவர். மணிலாவில் பொருளீட்டி, 1720க்குப் பின் சென்னையில் நிலையாகத் தங்கினார். பரங்கிமலைமேல் தோமையார் கோயிலுக்குச் செல்லும் அடியார் அடையாற்றைக் கடக்க இடர்ப்படுவது கண்டு பாலம் கட்டினார். பாலத்தைப் பேணுவதற்கும் தனியே பணம் ஒதுக்கிவைத்தார். பரங்கிமலை ஏறுவார்க்கு அகன்ற கற்படிகளை அமைத்தவரும் அவரே. அப்பாலத்தில் நடந்தவரில் பெரும்பாலோர் ஆர்மீனியரல்லர், நம்மவரே. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அவர்தம் சொத்துகள் பறிக்கப்பட்டன. புதுச்சேரிக்கு வந்து தங்கினால் திருப்பித் தருவோம் என்றும் அவர் உடன்படவில்லை என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். 1751இல் அவர் மறைந்தார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தனர். அவர் விருப்பப்படி அவர்தம் இதயத்தை மட்டும் தனியே எடுத்து ஜூல்ஃபாவுக்கு அனுப்பினர்.

இந்தச் செய்தியை வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் முதலில் அருவருப்புக் கொள்வர், பிறகு பேச்சடங்கிவிடுவர். இருபத்தைந்தாண்டுக்கு மேல் இங்கு வாழ்ந்து, இவ்வூருக்குப் பாலமும் படியும் கட்டி, இவ்வூரை விட்டுப் போக மறுத்தவர் அவர். இருந்தும் இதயம் அங்கே செல்ல வேண்டும் என்று எழுதிவைத்தார். இரண்டும் மெய்தான் என்று நான் நினைக்கிறேன். வந்தேறியவரைப் பார்த்து, “உன் ஊர் எது? இதுவா, அதுவா?” என்று கேட்பவர்கள் இம்மனிதரை ஒருகால் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தவர் ஷாஹாமிர் ஷாஹாமிரியான். 1723இல் புதிய ஜூல்ஃபாவில் பிறந்து சென்னையில் பெருவணிகரானவர். இவர் பணத்தில் 1772ஆம் ஆண்டளவில் சென்னையில் ஆர்மீனிய அச்சுக்கூடம் ஒன்று எழுந்தது. அதிலிருந்து ‘அறிவுறுத்தல்’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு சிறு நூல் வெளிவந்தது. அடிமைப்பட்டுக் கிடக்கும் தாய்நாடு விடுதலை பெற வேண்டும் என்று இளைஞர்க்கு உரைத்த நூல் அது. அவர் மகன் ஹாகோப் பெயரால் வெளிவந்தது எனினும், எழுதியவர் ஹாகோபின் ஆசானாகிய மோவ்சேஸ் பக்ராமியான் என்பது அறிஞர் முடிவு. ஆசிரியர் உழைப்பு மாணவர் பெயரில் வருவது புதிதன்று. நாங்கள் வருந்துவதும் இல்லை.

அந்நூல் எச்மியாட்சின் நகரில் வீற்றிருந்த தலைமைக் குருவாகிய சிமியோனுக்குச் சினமூட்டியது. பேரரசுகளின் நடுவே மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் மக்களுக்கு இது கேடு விளைக்கும் என்று அவர் அஞ்சினார். நூலைக் கண்டித்து, எரிக்கவும் ஆணையிட்டார். தொலைவில் பாதுகாப்பாக இருப்பவன் எழுதுவது எளிது; அதன் விளைவைச் சுமப்பவர் ஊரில் உள்ளோர் அல்லவா? குருவின் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. இவ்வழக்கு உலகில் புலம்பெயர்ந்த எல்லா மக்களிடத்தும் இன்றும் தீராமல் இருக்கிறது.

ஷாஹாமிரியான் தளரவில்லை. ‘புகழின் கண்ணி’ என்று பொருள்படும் மற்றொரு நூல் அவர் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. முகப்பில் 1773 என்ற ஆண்டு காணப்படினும், 1780களின் இறுதியிலேயே அச்சானது என்பர். அது 521 விதிகளைக் கொண்ட அரசியல் சட்டம். எந்த நாட்டுக்கு? அப்போது இல்லாத ஒரு நாட்டுக்கு. விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவை, மன்னர் அல்லர், மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையே ஆள வேண்டும் என்று சென்னையில் இருந்துகொண்டு விதி வகுத்தனர். அதன் மூன்றாம் விதி என்னை வியக்கச் செய்தது. அந்நாட்டில் வாழும் மாந்தர் ஆர்மீனியராயினும் வேற்றினத்தாராயினும், அங்கே பிறந்தவராயினும் பிற நாட்டிலிருந்து வந்து குடியேறியவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், சமமாகவும் தம் தொழிலில் உரிமையோடும் வாழ்வர் என்பது அதன் கருத்து. வந்து குடியேறியவர் என்ற சொல்லை, தாமே வந்து குடியேறியவராக இருந்தவர் மறக்காமல் சேர்த்திருக்கிறார்.

மகன் ஹாகோப் அதனைக் காணவில்லை. 1774இல், தம் 29ஆம் வயதில், மலாக்காவில் இறந்தார். மலாக்காவின் டச்சுக் கோயிலில் அவர் கல்லறைக் கல் இருக்கிறது. அக்கல்லின் வாசகம், அதனைப் படிக்க வரும் வழிப்போக்கனை நோக்கி, என் இனத்தார் விடுதலை பெற்ற செய்தி உண்டா என்று வினவுகிறது. சென்னை வணிகரின் மகன் ஒருவர், தமிழ் வணிகரும் வாழ்ந்த மலாக்காவில், ஆர்மீனிய எழுத்தில், அங்கு வருவோர் பெரும்பாலோரால் படிக்கவே இயலாத மொழியில் கேட்ட கேள்வி அது.

மூன்றாமவர் குரு. ஹாருத்யூன் ஷ்மாவோனியான் 1750இல் ஷீராஸ் நகரில் பிறந்தார். தம் ஆண்மக்கள் இருவரையும் குறுகிய காலத்தில் அடுத்தடுத்து இழந்தார். துயரம் தாங்காமல் பாரசீகத் துறவிகளோடு தனித்திருந்து, பாரசீக மொழியை ஆழக் கற்றார். 1784இல் சென்னைக் கோயிலுக்குக் குருவாக வந்தவர், 1824இல் மறையும் வரை நாற்பதாண்டுகள் இங்கேயே பணி புரிந்தார். 1789இல் அச்சுக்கூடம் நிறுவினார். எழுத்து வார்ப்பதையும் காகிதம் செய்வதையும் தாமே மேற்கொண்டார். 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். செய்தி அறிவிப்போன் என்பது அப்பெயரின் பொருள். ஆர்மீனிய மொழியில் உலகில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. தாய்நாட்டில் வெளிவரவில்லை, வெனிசில் வெளிவரவில்லை, நம் சென்னையில் வெளிவந்தது. தமிழில் இதழ் என்று ஒன்று தோன்றுவதற்கு முன்னரே நடந்த செய்தி இது.

அவ்விதழுக்குச் சந்தாதாரர் எத்தனை பேர் என்று எண்ணுகிறீர்கள்? முப்பது பேர்கூட இல்லை. கப்பல் வரவும் சரக்கு விலையும் நாட்டு நடப்பும் ஆர்மீனியச் செய்திகளும் தாங்கி 18 இதழ்கள் வந்தன, 1796இல் நின்றுபோயிற்று. பொருளியல் நோக்கில் அது தோல்வியே. ஆனால் ஆர்மீனிய இதழியல் வரலாற்றை எவர் எழுதினும் முதற் பக்கத்தில் சென்னையின் பெயரை எழுதாமல் மேற்செல்ல இயலாது. இதற்கு மாறாக நம் மொழியின் கதையையும் நினைத்துப் பாருங்கள்: தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது, அதனை ஆக்கியவர் போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற பாதிரியார்.

பிறகு ஆர்மீனியர் ஏன் மறைந்தனர்? எவரும் விரட்டவில்லை. கம்பெனியின் வாணிகமும் ஆட்சியும் கல்கத்தாவில் குவிந்தபோது அவர்களும் அங்குச் சென்றனர். அங்கே 1821இல் அவர்கள் நிறுவிய ஆர்மீனியக் கல்லூரி இன்றும் உள்ளது. வேறு சிலர் பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். எஞ்சியோர் ஆங்கிலேயரோடு மணவுறவு கொண்டு, பெயர் மாறி, மொழி மறந்தனர். 1947க்குப் பின் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். சென்னையில் அவர்தம் தொகை மெல்ல மெல்ல விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குச் சுருங்கிவிட்டது. கோயிலைக் கல்கத்தா ஆர்மீனியரின் குழு பராமரிக்கிறது.

தாய்நாட்டின் கதையோ மிகக் கொடியது. 1915 முதல் துருக்கியப் பேரரசில் ஆர்மீனியர் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டனர். பிழைத்தோர் உலகெங்கும் சிதறினர். 1918இல் குடியரசு ஒன்று மலர்ந்தது. 1920இல் சோவியத்துக்கு உட்பட்டது. 1991இல் ஆர்மீனியா மீண்டும் தனி நாடாயிற்று. மலாக்காக் கல்லறையின் கேள்விக்கு விடை கிடைக்க 217 ஆண்டுகள் சென்றன.

அதே 1991இல், பால்டிக் கடற்கரையிலுள்ள லாட்வியாவும் விடுதலையை மீட்டது. 1944இல் போருக்கும் சோவியத் படைக்கும் அஞ்சி வெளியேறிய லாட்வியர், ஜெர்மனியின் அகதி முகாம்களிலேயே பள்ளிகளும் பாடற் குழுக்களும் அமைத்தனர்; பின் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா சென்று அங்கும் பாடல் விழா நடத்தி மொழியைக் காத்தனர். முகாமில் உணவுக்கு வரிசையில் நின்றவர்கள், பிள்ளைகளுக்குக் கரும்பலகை வேண்டும் என்று எண்ணினர் என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் என்னால் மறக்க முடியவில்லை.

நம்மவர் நிலை என்ன? 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து சென்று டர்பன் துறையில் கூலிகளை இறக்கியது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் காவடி எடுக்கின்றனர், தீமிதிக்கின்றனர், பெயரில் கோவிந்தரும் நாயுடுவும் பிள்ளையும் இருக்கின்றனர். ஆனால் அவருட் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மொரீசியசில் தைப்பூசம் அரசு விடுமுறை நாள்; அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்தும் உண்டு. தாளில் இருக்கும் எழுத்தை அங்குள்ள தமிழர் எல்லோராலும் படிக்க இயலுமா என்றால், இல்லை. பக்தி நின்றது, மொழி நழுவியது. சமயம் மொழியைக் காக்கும் என்று நம்பி இருந்துவிடலாகாது என்பதற்கு நம்மவரே சான்று. ஆர்மீனியரிடம் இரண்டும் ஒன்றையொன்று பற்றி நின்றன என்றால், பாடசாலையும் அச்சுக்கூடமும் கோயிலின் சுவரை ஒட்டியே இருந்தமையால் என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு இருந்தும் சென்னையில் அவர்கள் தங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு, ஓய்வுபெறும் முன் எஞ்சிய ஓராண்டில் ஒரு சிறு முயற்சி செய்தேன். அந்தக் கஞ்சம் மாவட்டத்துத் தந்தையை அழைத்து, நான் முன்பு சொன்னது பிழை என்றேன். அவர் திகைத்துப்போய், “நீங்கள் சொன்னதால்தானே சார் அவள் படித்தாள்?” என்றார். “தமிழை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒடியாவை நீங்கள் பாருங்கள்” என்றேன். சனிக்கிழமைகளில் பிற்பகல் ஒரு மணி நேரம், பள்ளியின் ஓர் அறையில், அவரும் அவர் நண்பர் இருவரும் ஒடியா எழுத்துக் கற்பித்தனர். பதினொரு பிள்ளைகள் வந்தனர். வட்டம் வட்டமாய் அமைந்த அவ்வெழுத்துகளை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரும் சன்னலருகே நின்று பார்த்து, மணலில் எழுதிப் பழகினர். ஏழு மாதம் நடந்தது. பின்னர் ஷிப்டு மாறியது, ஒருவர் வேறு ஆலைக்குப் போனார், வகுப்பு நின்றது. அந்தச் சிறுமி இன்று தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறாள். பாட்டிக்கு ஒரு கடிதம் எழுத அவளுக்கு வருகிறது. பிழை மலிந்த கடிதம்தான் என்று அவள் தந்தை சிரித்துக்கொண்டே சொன்னார்.

சென்ற கோடையில் என் பேரன் கனடாவிலிருந்து வந்திருந்தான். ஒரு மாதம் தினமும் காலையில் அரைமணி நேரம் அவனுக்கு எழுத்துக் கற்பித்தேன். விடுமுறை முடியும் தறுவாயில் சென்னைக்கு அழைத்துச் சென்று அந்தக் கோயிலைக் காட்டினேன். ஷ்மாவோனியானின் கல்லறையருகே குனிந்து, அறியாத எழுத்துகளைச் சற்று நேரம் விரலால் தடவிப் பார்த்தான். “தாத்தா, இதைப் படிக்கத் தெரிந்தவர் இங்கே யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டான். “எப்போதாவது வருவார்கள்” என்றேன்.

வெளியே வந்தோம். தெருவின் முனையில் பெயர்ப்பலகை தமிழில் இருந்தது. அவன் நின்று படிக்கத் தொடங்கினான். அ, ர என்று இரண்டெழுத்து எளிதாக வந்தது. அடுத்து ஒரு ‘ண்’. ஓரெழுத்துத் தள்ளி ஒரு ‘னை’. எது மூன்று சுழி, எது இரண்டு சுழி என்பதில் தடுமாறிப்போனான். பின்னால் சுமையோடு வந்த கைவண்டிக்காரர், “பெரியவரே, கொஞ்சம் ஓரம்” என்றார். நாங்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். வண்டி போன பிறகு அவன் முதலெழுத்திலிருந்து மறுபடியும் தொடங்கினான்.